மேட்டுக் கொல்லையில் மண் அரிப்பு: பண்ணைக் குட்டை வெட்ட மானியம் கேட்கலாமா?

முத்தாண்டிக்குப்பம் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பண்ருட்டி பக்கம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்கார், கொல்லையை நானும் மாமியாரும்தான் பார்க்கிறோம். செம்மண் கொல்லை, 3 ஏக்கர் 40 சென்ட். மேல்தலைப்புல முந்திரி, நடுவுல கொஞ்சம் பலா, கீழ்க்கோடியில ஒரு ஏக்கர் மணிலா, அதான் வேர்க்கடலை. ரெண்டு கறவை மாடு, ஆடு குட்டியோட பதினாலு உருப்படி. கிணத்துல மாசி வரைக்கும் தண்ணி இருக்கும், பங்குனியில தரை தெரியும். எங்க பக்கம் போர் போடறதுன்னா எவ்வளவு ஆழம் போகணும்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

2011 தானே புயல்ல மாமனார் வெச்ச மரம் அத்தனையும் சாஞ்சு, அதுக்கப்புறம் நட்ட ஒட்டு மரங்கதான் இப்ப காய்க்குது. அதுக்குள்ள 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல். மரத்துக்கு ஒண்ணும் ஆகல. தரைதான் போச்சு. கிழக்கு மூலையில ஆரம்பிச்சு மணிலா கொல்லை வரைக்கும் ஓடை விழுந்துடுச்சு. மேல முழங்கால் ஆழம், கீழ வர வர இடுப்பளவு. ஓரமா நின்ன முந்திரி ஒண்ணுக்குப் பாதி வேர் அந்தரத்துல தொங்குது, ஆடு அந்த வேர் மேல ஏறி நின்னு தழை கடிக்குது. கீழ மணிலா கொல்லையில வந்து படிஞ்சது வெறும் மணலும் சரளையும்தான். சத்தான மண்ணு எந்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்துதோ.

ஊர்ல ஒரு ஜேசிபி வண்டிக்காரர், "குட்டை வெட்டிடலாம்மா, காசை இப்ப குடுங்க, மானியத்தைப் பிறகு வாங்கிக்கலாம்"னு நச்சரிக்கிறார். குட்டை வெட்டினா ஓடை நிக்குமா? மாட்டுக்குக் கோடையில தண்ணியும் ஆகும்னு மாமியாருக்கு ஆசை. எந்த ஆபீஸ்ல கேட்கணும்? பட்டா இன்னும் மாமனார் பேர்லயே இருக்கு, அவர் காலமாகி நாலஞ்சு வருஷம் ஆச்சு. அதுவும் ஒரு தடையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாகூர் விவசாயி:

தங்கச்சி, முதல்ல அந்த ஜேசிபிக்காரரை அனுப்பி வைங்க. வேலை முடிச்சுட்டு மானியம் கேட்கறதுங்கறது நடக்காத கதை. வெட்டறதுக்கு முன்னாடி ஆள் வந்து இடத்தைப் பார்த்து அளந்து, போட்டோ எடுத்து, வேலை உத்தரவு குடுத்த பிறகு தொட்டாத்தான் காசு. முன்னாடியே வெட்டின குழியைக் காட்டினா, "ஏற்கெனவே இருக்குதே, எதுக்கு மானியம்?"னு கேட்பாங்க. கேட்கறது நியாயமும்தான்.

எனக்கு வீடு பாகூர்ல, நிலம் ஒரு துண்டு இங்க, இன்னொரு துண்டு எல்லை தாண்டி கடலூர் மாவட்டத்துல. இந்தப் பக்கத்துக்குப் புதுச்சேரி வேளாண் துறை, அந்தப் பக்கத்துக்குத் தமிழ்நாடு. நடுவுல ஒரு வாய்க்கால்தான், ஆனா திட்டம், விண்ணப்பம், சான்று எல்லாம் வேற வேற. இந்தத் தளத்துல ரெண்டையும் கலந்து கட்டிச் சொல்றவங்க நிறைய, உஷாரா இருங்க. ஆள் எங்க குடியிருக்கார்னு பார்க்க மாட்டாங்க, நிலம் எங்க இருக்குன்னுதான் பார்ப்பாங்க.

கடலூர் பக்கத்துத் துண்டுல ஒரு கான்ட்ராக்டர் எனக்குக் குட்டை வெட்டிக் குடுத்தார். தண்ணி உள்ள வர்ற வாய்ல வண்டல் பிடிக்கக் குழி வைக்கல. முதல் மழைக்கே கால்வாசி தூர்ந்துடுச்சு. கேட்டா, "எஸ்டிமேட்ல அது இல்ல"ன்னார். நீங்க எந்த வேலை செஞ்சாலும் எஸ்டிமேட்டை ஒருதரம் வாங்கிப் படிச்சுடுங்க.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

அம்மா, வணக்கம். மண் பாதுகாப்பு வேலையிலயே காலத்தை ஓட்டினவன் நான். குட்டையைப் பற்றிப் பேசறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. மாட்டை எந்த வழியா ஓட்டிப் போறீங்க? மேலேயிருந்து கிணத்துக்கு நேரா இறங்கற தடம் ஒண்ணு இருக்கும், அந்தத் தடத்துலதான் ஓடை விழுந்திருக்கும்னு நினைக்கிறேன். ரெண்டாவது, கிழக்கு மூலைக்கு மேல ரோடோ, பக்கத்துக் கொல்லையோ இருந்தா அங்கேயிருந்து தண்ணி உள்ள இறங்குதா? இதைப் பார்த்துச் சொல்லுங்க, மத்ததைப் பேசலாம்.

அதுக்குள்ள ஒரு கணக்கு. ஒரு ஏக்கர்ல 1 மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா 4,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. 100 மி.மீ. பெய்ஞ்சா உங்க நிலத்துல மட்டும் கிட்டத்தட்ட 14 லட்சம் லிட்டர் விழும். 30 மீட்டருக்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், கரைக்கு ஒன்றரைக்கு ஒண்ணு சரிவு வெச்சு ஒரு குட்டை வெட்டினா அது பிடிக்கறது சுமார் 14.6 லட்சம் லிட்டர். அதுக்கு இடம் 22 சென்ட், கரைமேடு சேர்த்தா இன்னும் கூடும். மணிலா போடற ஒரு ஏக்கர்ல அவ்வளவு விட மனசு வருமா?

இனி ஃபெஞ்சலை நினைச்சுப் பாருங்க. புதுச்சேரியில 24 மணி நேரத்துல 48 சென்டிமீட்டருக்கு மேல பதிவாச்சு. அந்த மாதிரி மழைக்கு எந்தக் குட்டையும் அரை நாள்ல நிரம்பி வழியும். கீழ்க்கோடியில குட்டை வெட்டினா மேல இருக்கற ஓடை பாட்டுக்கு அரிச்சுக்கிட்டே இருக்கும், அந்த மண்ணு குட்டையில வந்து விழும். ஓடைங்கறது கீழேயிருந்து மேல் நோக்கி வளர்றது. தலைமாட்டைக் கட்டாம கால்மாட்டைக் கட்டிப் பிரயோசனம் இல்ல.

மாட்டுக்குத் தண்ணிங்கறது தனி விஷயம். கறவை மாடு ஒண்ணு கோடையில நாளைக்கு 60 லிட்டர் குடிக்கும்னு வைங்க, ஆட்டுக்கு 5 லிட்டர். உங்க மொத்த உருப்படிக்கும் நாளைக்கு 200 லிட்டர் போதும், 120 நாளுக்கு 24,000 லிட்டர். ஒரு தரைமட்டத் தொட்டிதான் அது. செம்மண்ல வெட்டின குட்டையில சித்திரை வரைக்கும் தண்ணி நிக்காது, கீழ இறங்கிடும். நின்னாலும் நாளைக்கு 5, 6 மி.மீ. ஆவியாப் போகும். கிணறு ஊறணும்னா இறங்கறது நல்லதுதான். நிக்கணும்னா பிளாஸ்டிக் விரிப்பு போடணும், அதுமேல மாடு இறங்கினா குளம்பு பட்டுக் கிழிஞ்சுடும். இந்த ரெண்டுல எது வேணும்னு முடிவு பண்ணாமலே நிறைய பேர் வெட்டிடறாங்க.

முத்தாண்டிக்குப்பம் மருமகள்:

ஐயா, நேர்ல வந்து பார்த்த மாதிரி சொல்றீங்க. ஆமாம், மாடு இறங்கற தடம் அதேதான். காலையில தொழுவத்துலேர்ந்து கிணத்தடிக்கு ஓட்டுவோம், சாயங்காலம் அதே வழியில திரும்பும். புல்லே முளைக்காம தரை சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். மேல பஞ்சாயத்து ரோடு போகுது. ரோட்டுக்கு அடியில சிமென்ட் குழாய் போட்டிருக்காங்க, அது வாய் எங்க கிழக்கு மூலையைப் பார்த்துத்தான் இருக்கு. அந்தப் பக்கத்து மழைத்தண்ணி மொத்தமும் எங்க தலையில.

முந்திரிக்கு அடியில சருகை முன்கூட்டியே கூட்டி எரிச்சுடுவோம், கொட்டை பொறுக்க வசதியா இருக்கும்னு. அதுவும் இதுல சேருமா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

நல்லாச் சேரும். வெறுந்தரையில விழற மழைத்துளி மண்ணை உடைச்சுப் பொடியாக்கும், அந்தப் பொடி துவாரத்தை அடைக்கும், தண்ணி உள்ள இறங்க வழியில்லாம மேலாக ஓடும். சருகைக் கூட்டுங்க, வேண்டாங்கல. எரிக்காம சரிவுக்குக் குறுக்கா நீளமா அணை மாதிரி ஒதுக்கி வைங்க. ஒரு ஏக்கர்ல 1 மி.மீ. கனத்துக்கு மேல்மண் போச்சுன்னா ஏறக்குறைய 6 டன். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

வேலையை இந்த வரிசையில செய்யுங்க.

முதல்ல ரோட்டுத் தண்ணி. குழாய் வாயிலேயே கருங்கல் ஜல்லி கொட்டி வேகத்தை அடக்கணும். அங்கேயிருந்து ஓடைத் தலைக்குப் போக விடாம ஓரமா வெட்டுவாய்க்கால் எடுத்து இயற்கையா இருக்கற பள்ளத்துல விடணும். குழாய் பஞ்சாயத்தோடது, அதனால ஊராட்சிக்கு எழுத்துல ஒரு மனு குடுங்க. பக்கத்துக் கொல்லைக்காரர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க. தண்ணியை அவர் பக்கம் திருப்பிட்டீங்கன்னு நாளைக்கு வரப்புச் சண்டை வரக்கூடாது.

அடுத்தது மாட்டுத் தடம். நேரா இறங்காம வளைச்சு விடுங்க. தண்ணித் தொட்டியை மேல தொழுவத்துக்கிட்டயே வெச்சுட்டா மாடு தினம் கீழ இறங்கவே வேண்டாம். பாதிப் பிரச்சினை அதுலயே தீரும்.

பிறகு சமமட்ட வரப்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கா ஒரே மட்டத்துல போற வரப்பு. கொத்தனார் வெச்சிருக்கிற தண்ணி டியூப் போதும். ஒரே உயரத்துல ரெண்டு கம்பு, ரெண்டு முனையும் அதுல கட்டி, ஒருத்தர் நிக்க ஒருத்தர் நகரணும். ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே அளவுல நிக்கற இடமாப் பார்த்துக் குச்சி அடிச்சுக்கிட்டே போங்க. வரி பாம்பு போன தடம் மாதிரி வளைஞ்சு வரும். அழகாயில்லையேன்னு நூல் பிடிச்சு நேராக்கிடாதீங்க, நேராக்கின இடத்துலதான் உடைச்சுக்கும். அடியில 5 அடி, மேல 1 அடி, உயரம் 2 அடி. மண்ணை மேட்டுப் பக்கத்துலேர்ந்து எடுத்துப் போடுங்க, எடுத்த குழியிலயும் தண்ணி தேங்கி ஊறும். ஒவ்வொரு வரப்புக்கும் ஓரத்துல, மிஞ்சின தண்ணி வழிஞ்சு போக ஒரு கலிங்கு கட்டாயம் வைக்கணும். வரப்பு மட்டத்துக்கு முக்கால் அடி கீழ இருக்கட்டும், அதுல புல்பத்தை பதிச்சு விடுங்க. கலிங்கு இல்லாத வரப்பு இருக்கறதைவிட வரப்பே இல்லாம இருக்கலாம்.

ஓடைக்குள்ள கல் தடுப்பு வைக்க உங்க பக்கம் கல்லு கிடைக்காது, வாங்கினா லாரி வாடகைதான் மிஞ்சும். சவுக்கு முளை ரெண்டு வரிசையா அடிச்சு, நடுவுல கவாத்து பண்ணின முந்திரிக் கிளையைத் திணிச்சுக் கட்டுங்க. நடுப்பாகம் ஓரத்தைவிடத் தாழ்வா இருக்கணும், இல்லேன்னா தண்ணி ஓரத்தைக் குடைஞ்சுக்கிட்டுப் போகும். கீழ்த்தடுப்போட உச்சியும் மேல்தடுப்போட அடியும் ஒரே மட்டத்துல வர்ற மாதிரி இடைவெளி விடுங்க. அந்தரத்துல தொங்கற வேருக்கு மண் அணைச்சு, அதுக்குக் கீழயே ஒரு தடுப்பு வைங்க.

இதெல்லாம் ஆன பிறகும் குட்டை வேணும்னா, சின்னதா 20 மீட்டருக்கு 15 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம். அதே சரிவு வெச்சா 3.4 லட்சம் லிட்டர் பிடிக்கும். கிணத்துக்கு மேட்டுப் பக்கமா வெட்டினா கிணறு ஊறும்.

இனி ஆபீஸ். வரப்பு, குட்டை, ஓடைத் தடுப்புக்கு வேளாண்மைப் பொறியியல் துறை. இயந்திரம் மட்டும் போதும்னா உழவன் செயலியில அரசு வாடகைக்கே பதிவு பண்ணலாம். சொட்டுநீருக்குத் தோட்டக்கலைத் துறை: சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம். உங்களுது 5 ஏக்கருக்குள்ள, அதனால தாசில்தார்கிட்ட சிறு விவசாயி சான்று வாங்கிடுங்க. சொட்டுநீர் போடறவங்களுக்குத் துணைநிலை நீர் மேலாண்மைன்னு தனியா உண்டு. தரைமட்டத் தொட்டிக்குச் செலவுல பாதி, அதிகபட்சம் 40,000 ரூபாய். மோட்டாருக்கு 15,000, குழாய்க்கு ஹெக்டேருக்கு 10,000. தொட்டியை அதுல சேர்த்துக் கேளுங்க. நூறு நாள் வேலைத் திட்டத்துல சொந்த நிலத்துல குட்டை, மாட்டுக் கொட்டகை, ஆட்டுக் கொட்டகை எல்லாம் சிறு, குறு விவசாயிக்குச் செய்ய வழி இருந்தது. வேலை அட்டை இருக்கணும், வீட்டு ஆள் அந்த வேலையில இறங்கணும்னு விதி. 2025 கடைசியில சட்டம் மாறிடுச்சு, இப்ப எப்படின்னு கேட்டுக்குங்க. கிராம சபையில பேர் சேர்க்கச் சொல்லுங்க, பிடிஓ ஆபீஸ்ல விசாரிங்க.

எங்க போனாலும் மார்ச்சுல போகாதீங்க, "இலக்கு முடிஞ்சுது"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஏப்ரல், மே மாசம்தான் கதவு திறந்திருக்கும்.

பட்டாவுக்கு வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் வெச்சு இ-சேவை மையத்துல மாறுதலுக்குப் போடுங்க. நாத்தனார் இருந்தா அவங்க பேரும் வரும், கூட்டுப் பட்டாதான் முதல்ல கிடைக்கும். மத்தவங்க சம்மதக் கடிதம் குடுத்தா சில திட்டத்துல ஏத்துக்கறாங்க. ஆனா உட்பிரிவு பண்ணி உங்க வீட்டுக்காரர் பேர்ல தனியா ஆகறதுதான் நிரந்தரம். நல்லா இருக்கும்போதே நாத்தனார்கிட்ட பேசி முடிச்சுக்குங்க. நான் பார்த்த வரைக்கும் மானியம் நின்னுபோன விண்ணப்பத்துல பாதி மண்ணால நின்னது இல்ல, பங்காளியால நின்னது.

தியாகவல்லி அக்கா:

ஓவர்சியர் ஐயா சொன்ன கலிங்குக்கும் வரப்புக்கும் புல்லுன்னா என்ன புல்லு? எங்க கடலோரத்துல நாங்க பணத்துக்குப் போடறதே வெட்டிவேர்தான். வேர் பக்கவாட்டுல போகாம நேரா ஆழத்துக்கு இறங்கும், பயிரோட போட்டி போடாது. தூரை ரெண்டு மூணு சிம்பாப் பிரிச்சு, தழையை ஒரு சாண் விட்டு நறுக்கி, அரை அடிக்கு ஒண்ணா நெருக்கி வரிசையா நட்டுடும்மா. வேர் பிடிக்கற வரைக்கும் தண்ணி காட்டணும், அதனால ஆடி, ஆவணியில ஒரு மழை பார்த்து நடு. நெருங்கி வளர்ந்தா தண்ணி மட்டும் கசிஞ்சு போகும், மண்ணு மேலயே தங்கும்.

ஒரு விஷயம், நிழல்ல வராது. முந்திரி கவிஞ்சு நிக்கற இடத்துல நட்டா சோம்பிப் போகும். வெயில் படற ஓடைக்கரையிலயும் வரப்புலயும் நடு. அப்புறம் ரெண்டாவது வருஷம் எவனாவது வந்து "வேருக்கு நல்ல விலை, தோண்டிக் குடு"ம்பான். குடுத்துடாத. தோண்டினா வரப்போட சேர்ந்து போயிடும்.

விருத்தாசலம் பக்கத்து கால்நடைக்காரன்:

அக்கா, தீவனக் கணக்கு நான் சொல்றேன். கறவை மாடு ஒண்ணுக்குப் பசுந்தீவனம் நாளைக்கு 25 முதல் 30 கிலோ வேணும். கோ 5 கம்பு நேப்பியரை எல்லாரும் சொல்வாங்க, நல்ல ரகம்தான், ஆனா அதுக்குத் தண்ணி வேணும். உங்க கிணறு பங்குனியில கையை விரிச்சுடுது. மானாவாரிக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து விதைங்க, செம்மண்ல நல்லா வரும். வரப்பு ஓரத்துல கிளைரிசிடியா, அகத்தி, சவுண்டல். சவுண்டல் தழையை மட்டும் தனியாப் போடாதீங்க, மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மணிலாக் கொடியை மழையில நனைய விடாமப் போர் போட்டு வெச்சா கோடைக்குப் பாதி கவலை விட்டுது.

விதைக்கும் கரணைக்கும் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க. புல் நறுக்கற கருவிக்கு மானியம் வந்திருக்கான்னு உங்க கால்நடை மருந்தகத்துல விசாரிங்க. மணல் மேவின மணிலா கொல்லையில அறுவடை முடிஞ்சதும் ஆட்டுக்கிடை போடச் சொல்லுங்க. புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து அந்த மணலுக்கு உசிர் குடுக்கும்.

பாகூர் விவசாயி:

மணல் மேவின இடத்துக்கு இன்னொண்ணு சொல்றேன். கடலூர் மாவட்டத்துல ஏரி வண்டல் இலவசமா எடுத்துக்கலாம், தாசில்தார் அனுமதி போதும், ஆன்லைன்லயே மனு போடலாம். ஏக்கருக்கு நஞ்சைன்னா 75 கன மீட்டர், புஞ்சைன்னா 90. நம்ம பாஷையில புஞ்சைக்கு 32 யூனிட், ஒரு யூனிட்னா 100 கன அடி. மண்ணுதான் இலவசம், அள்ளற கூலியும் டிராக்டர் வாடகையும் நம்ம தலையில. அதனால தூர ஏரிக்குப் போனா கட்டாது. களிமண் வண்டல் செம்மண்ல கலந்தா ஈரம் பிடிக்கும். கொட்டறதுக்கு முன்னாடி அந்த ஏரி மண்ணை ஒருதரம் பரிசோதனைக்குக் குடுத்துடுங்க, உப்பு மண்ணைக் கொண்டாந்து கொட்டிட்டு அப்புறம் முழிக்கக் கூடாது.

முத்தாண்டிக்குப்பம் மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குட்டையை இந்த வருஷம் விட்டுட்டோம். மாமியாருக்கு அரை மனசுதான், தொட்டி தொழுவத்துக்கிட்ட வருதுன்னதும் சமாதானம் ஆயிட்டாங்க. நாத்தனார் ஆடிக்கு வராங்க, பட்டா விஷயம் அப்ப பேசணும். ரோட்டுக் குழாய்க்கு ஊராட்சியில மனு எழுதிக் குடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்தும் வாங்கிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். வரப்புல புல்லு போட்டா எங்க ஆடு விட்டு வைக்குமா? பதினாலு வாய் இருக்குதே.

விருத்தாசலம் பக்கத்து கால்நடைக்காரன்:

விடாது அக்கா. முதல் வருஷம் ஆட்டை அந்தப் பக்கமே காட்டாதீங்க, புல்லை அறுத்து வந்து தொழுவத்துல போடுங்க. புல்லு வேர் ஊன்றின பிறகும் மழைக்காலத்துல வரப்பு மேல ஏத்தாதீங்க, ஈரத்துல குளம்பு பட்டா கரை சரியும். முள்ளு வெட்டிப் படல் கட்டறது செலவில்லாத வழி.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

வெட்டிவேர் முத்தின தழையை ஆடு அவ்வளவா தொடாது, இளசைத்தான் கடிக்கும். ஓடைக்கரைக்கு அதையும், உள்வரப்புக்குக் கொழுக்கட்டைப் புல்லையும் வெச்சுக்குங்க. வரப்பு வேலையை ஆவணிக்குள்ள முடிச்சுடணும், ஐப்பசி மழைக்கு முன்னாடி மண்ணு அமர டைம் குடுங்க. அமர்ந்ததும் உயரம் குறையும். அப்ப டியூப் வெச்சு மறுபடியும் மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்துல ரெண்டு கூடை மண் ஏத்துங்க. கலிங்கு முடிஞ்சதும் ஒரு போட்டோ இங்க போடுங்க, அகலம் போதுமான்னு பார்த்துச் சொல்றேன்.